உள்ளாட்சியில் சுகாதார அவசரநிலை ஆயத்தப் பொறுப்பு வந்திருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

புதுப்பொறுப்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் உள்ளாட்சி அமைப்பில் பொது சுகாதார அவசரநிலைகளுக்கான முன்னேற்பாடுகளை ஒருங்கிணைக்கும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் மருத்துவர் இல்லை, நிர்வாகப் பக்கத்திலிருந்து வந்தவள். கையில் கொடுத்தது ஒரு தடித்த திட்ட ஆவணம். தொற்றுநோய், வெள்ளம், வெப்ப அலை, ரசாயனக் கசிவு, குடிநீர் மாசு என்று ஒவ்வொன்றுக்கும் தனி அத்தியாயம் இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் "சம்பந்தப்பட்ட துறைகள் ஒருங்கிணைந்து செயல்படும்" என்ற வரி தவறாமல் வருகிறது. ஆனால் ராத்திரி ஒரு தகவல் வந்தால் யார் போனை எடுப்பது, எடுத்தவர் அடுத்து யாரைக் கூப்பிடுவது என்பது முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

ஆள் குறைவு. தனி நிதி என்று ஒன்றும் இல்லை. குடிநீர், துப்புரவு, மருத்துவமனை, தீயணைப்பு, காவல், கால்நடை எதுவும் எனக்குக் கீழே வரும் துறை இல்லை. மீட்டிங் என்றால் வருவார்கள், தலையாட்டுவார்கள், போய்விடுவார்கள், அடுத்த முறை வேறு ஆளை அனுப்புவார்கள். மேலதிகாரி முதலில் முகக்கவசமும் மருந்தும் வாங்கி அடுக்கு என்கிறார். எனக்கு அது சரியான தொடக்கமாகப் படவில்லை, ஆனால் ஏன் என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. திட்டத்தைத் திருத்துவதா, பொருள் வாங்குவதா, பயிற்சி நடத்துவதா, எதை முதலில் செய்வது? இந்த வேலையில் இருந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள், உண்மையிலேயே இதை நன்றாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

---

கன்ட்ரோல்ரூம் எழுதியது:

வாழ்த்துகள் மேடம். மருத்துவர் இல்லை என்பதைக் குறையாக நினைக்காதீர்கள். இந்த வேலையில் பாதிக்கு மேல் யார் யாரிடம் எப்போது பேச வேண்டும் என்பதைத் தீர்த்து வைப்பதுதான், அது நிர்வாக வேலை.

என் கருத்து, முதலில் தீர்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: எந்த அளவைத் தாண்டினால், யார், யாரிடமும் அனுமதி கேட்காமல், எந்த முடிவை எடுக்கலாம். இதை அமைதியான காலத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கனடாவில் வாக்கர்டன் என்ற சின்ன ஊரில் 2000-ஆம் ஆண்டு மே மாதம் நடந்ததைப் பாருங்கள். குடிநீரில் ஈ.கோலை கிருமி கலந்துவிட்டது. ஆய்வகம் மாதிரி கெட்டிருக்கிறது என்று குடிநீர் நிர்வாகத்துக்குச் சொல்லிவிட்டது. அவர்கள் சுகாதாரத் துறையிடம் சொல்லவில்லை, சுகாதாரத் துறை கேட்டபோதும் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றே பதில் வந்தது. சுமார் 5,000 பேர் இருந்த ஊரில் 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். ஆய்வகத்தின் முடிவு அதே நேரத்தில் சுகாதாரத் துறைக்கும் நேராகப் போயிருந்தால் சில நாட்கள் மிஞ்சியிருக்கும். உங்கள் ஊரில் ஆய்வக முடிவு யார் யாருக்குப் போகிறது என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள். "மேலே அனுப்புவோம்" என்பது பதில் இல்லை. பெயர், எண், எத்தனை மணி நேரத்துக்குள் என்பது வேண்டும்.

இன்னொன்று சிகாகோ, 1995 ஜூலை. வெப்ப அலையில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் தனியாக இருந்த முதியவர்கள். எச்சரிக்கை வானிலைத் துறையிடமிருந்து முன்பே வந்துவிட்டது. நகர நிர்வாகம் அவசரநிலை என்று அறிவிப்பதில்தான் தாமதம். 1999-இல் மறுபடி கடும் வெப்பம் வந்தபோது எச்சரிக்கையை முன்கூட்டியே விட்டு, முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள், இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. அதனால் "கடும் வெப்பம் ஏற்பட்டால்" என்று எழுதாதீர்கள். வெப்பநிலையும் ஈரப்பதமும் இந்த அளவு, இத்தனை நாள் தொடரும் என்று முன்னறிவிப்பு வந்தால் இன்னார் அறிவிப்பார் என்று எழுதுங்கள். எந்த அளவு என்பதை உங்கள் வானிலை, சுகாதார ஆட்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், ஊருக்கு ஊர் மாறும்.

அடுத்தது, ஒவ்வொரு ஆபத்துக்கும் தனி அத்தியாயம் என்ற அமைப்பே வேலைக்கு ஆகாது. எது வந்தாலும் செய்ய வேண்டியவை ஏறக்குறைய ஒன்றுதான். தகவல் சேர்ப்பது, முடிவெடுப்பது, மக்களுக்குச் சொல்வது, ஆளையும் பொருளையும் நகர்த்துவது, கணக்கு வைப்பது. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், அவருக்கு மாற்றாக இருவர். முதல் ஆள் விடுப்பிலோ, தானே நோயிலோ இருப்பார் என்று வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும், தொற்றுநோய்க் காலத்தில் அது கட்டாயம் நடக்கும். ஒருவருக்குக் கீழே நேரடியாக ஐந்து பேருக்கு மேல் வைக்காதீர்கள், ஏழுதான் உச்சம். தீயணைப்பு ஆட்கள் இதை நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கிறார்கள், அவர்களிடம் கேட்டால் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள்.

புது அமைப்பை உண்டாக்கவும் வேண்டாம். 2014 ஜூலையில் நைஜீரியாவின் லாகோஸுக்கு எபோலா வந்தபோது, அங்கே போலியோ ஒழிப்புக்காக ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த அவசரகால மையத்தின் ஆட்களையும் முறையையும் அப்படியே திருப்பிவிட்டார்கள். நோயாளிகளோடு தொடர்பில் இருந்த கிட்டத்தட்ட 900 பேரைக் கண்காணித்தார்கள், மொத்தம் 20 நோயாளிகளோடு நின்றுபோனது, அக்டோபர் 20 அன்று உலக சுகாதார நிறுவனம் அந்த நாட்டில் எபோலா இல்லை என்று அறிவித்தது. அவ்வளவு பெரிய நகரத்தில்! உங்கள் ஊரில் தினமும் ஒழுங்காக ஓடும் வேலை எது என்று பாருங்கள். தடுப்பூசிப் பணியா, கொசு ஒழிப்பா, குப்பை வண்டியா, அதன் மேல்தான் கட்ட வேண்டும்.

பயிற்சிக்குப் பெரிய செலவு வேண்டாம். எல்லோரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து ஒரு கதை சொல்லுங்கள். சனிக்கிழமை இரவு 11 மணி. ஒரு தனியார் கிளினிக் மருத்துவர் போன் செய்கிறார், ஒரே தெருவிலிருந்து ஆறு குழந்தைகள் வாந்தி பேதியோடு வந்திருக்கிறார்கள் என்கிறார். எந்த எண்ணுக்குச் செய்தார்? அந்த எண் அந்த நேரத்தில் எடுக்கப்படுமா? அந்த இடத்திலேயே ஸ்பீக்கரில் போட்டு அடித்துப் பாருங்கள். தண்ணீர் மாதிரி எடுக்க யார் போவார், வண்டிச் சாவி யாரிடம், ஆய்வகம் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா? இரண்டு மணி நேரத்தில் உங்கள் தடித்த ஆவணம் சொல்லாத அத்தனையும் வெளியே வந்துவிடும். அந்தக் கூட்டத்தில் யாரையும் குற்றம் சாட்டாதீர்கள், அடுத்த முறை வரமாட்டார்கள்.

---

தண்ணீர்லேப் எழுதியது:

மேலே கன்ட்ரோல்ரூம் அண்ணன் சொன்ன வாக்கர்டன் விஷயத்தில் இன்னொரு பாதியும் இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்ற அறிவிப்பு உள்ளூர் வானொலியில் போனது, ஊரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அன்று அது போய்ச் சேரவே இல்லை. அதனால் அறிவிப்பை இப்போதே எழுதி வையுங்கள், இடத்தின் பெயரையும் தேதியையும் மட்டும் நிரப்புகிற மாதிரி. ஒலிபெருக்கி வண்டி, பள்ளி, வழிபாட்டிடங்கள், குறுஞ்செய்தி, வீட்டு வாசலில் துண்டுத்தாள் என்று நாலைந்து வழி. ஊரில் எத்தனை மொழி பேசுகிறார்களோ அத்தனையிலும். "நீர் கொதித்துக் குமிழி பொங்கியபின் ஒரு நிமிடம் கொதிக்கட்டும்" என்று செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள், "பாதுகாப்பான நீரை அருந்தவும்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. பல் துலக்குவது, குழந்தைக்குப் பால் கரைப்பது, பாத்திரம் கழுவுவது, இந்த மூன்றையும் மக்கள் கட்டாயம் கேட்பார்கள், பதிலை அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். அறிவிப்பை விலக்கும்போது சொல்ல வேண்டியதும் எழுதிவைக்க வேண்டும், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

எஞ்சிய குளோரின், அதாவது கிருமியைக் கொல்லப் போட்டதில் தண்ணீரில் மிஞ்சியிருக்கும் குளோரின், குழாயில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும், நோய் பரவும் காலத்தில் 0.5-க்குக் குறையக் கூடாது. ஆனால் எங்கே அளக்கிறார்கள் என்று பாருங்கள். தொட்டிக்குப் பக்கத்திலேயே அளந்தால் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், கடைசிக் குழாயில் அளந்தால்தான் உண்மை தெரியும். கிருமிப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் போட்டிருக்க வேண்டும், தண்ணீரில் உள்ள குளோரினை அது முறித்துவிடும். இல்லையென்றால் பாட்டில் ஆய்வகம் வந்து சேர்வதற்குள் குளோரின் கிருமியைக் கொன்றுவிடும், முடிவு "சுத்தம்" என்று வரும். ராத்திரி அவசரத்தில் யாராவது காலி மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தால் அந்த மாதிரியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சரியான பாட்டில்கள் ஒரு பெட்டியில், மூடியோடு, தேதி எழுதி, இரவு ஷிப்ட் ஆளுக்குத் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு, செய்துவிடுங்கள்.

குளோரின் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்றும் இருந்துவிட முடியாது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டி வந்து சுமார் 4 லட்சம் பேரை வயிற்றுப்போக்கில் தள்ளியது, அது குளோரினுக்கு மசியாது. அங்கே முதல் அறிகுறி தண்ணீர்ப் பரிசோதனையில் தெரியவில்லை. பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் ஆட்கள் கூட்டமாக வேலைக்கு வராமல் போனார்கள், மருந்துக் கடைகளில் வயிற்றுப்போக்கு மருந்து தீர்ந்துகொண்டிருந்தது. மருந்துக் கடைக்காரர்கள், பள்ளித் தலைமை ஆசிரியர்கள் இரண்டு பேரிடமும் ஒரு எண்ணைக் கொடுத்து, வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவையுங்கள். கூப்பிட்டவருக்குத் திரும்பப் போன் செய்து என்ன ஆயிற்று என்று சொல்லவும் வேண்டும், இல்லையென்றால் இரண்டாம் முறை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

---

புதுப்பொறுப்பு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பாட்டில் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, இன்று விசாரித்தேன், எங்கள் ஆட்களிலும் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

இரண்டு சந்தேகம். ஒன்று, பொருள் வாங்கும் விஷயத்தில் மேலதிகாரியிடம் என்ன சொல்வது? இரண்டாவது, தனியாக இருக்கும் முதியவர்கள், நடமாட முடியாதவர்கள் பட்டியல் எடுக்கலாம் என்று நினைக்கிறேன், ஆனால் ஆட்களுடைய நோய் விவரத்தை இப்படிச் சேர்ப்பது சரியா என்று உறுத்துகிறது.

---

களச்செவிலி எழுதியது:

உறுத்துவது நல்லதுதான் தங்கச்சி, ஆனால் பட்டியல் எடுங்கள். நோயின் பெயர் உங்களுக்குத் தேவையே இல்லை. தேவை எது என்று மட்டும் இருந்தால் போதும். மின்சாரம் போனால் ஆபத்தா, தூக்கிக்கொண்டுதான் வெளியே கொண்டுவர வேண்டுமா, கண்டிப்பாகக் குளிரில் வைக்க வேண்டிய மருந்து இருக்கிறதா, தனியாக இருக்கிறாரா, யாரைக் கூப்பிட வேண்டும். அவரிடமே கேட்டு, எதற்காக என்று சொல்லி, சம்மதம் வாங்கி எழுதுங்கள். யார் கையில் அந்தப் பட்டியல் இருக்கும் என்பதையும் சொல்லுங்கள், வாட்ஸ்அப் குழுவில் மட்டும் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். ஆட்கள் வீடு மாறுவார்கள், இறந்தும் போவார்கள். அதனால் அந்தத் தெருவுக்கு வழக்கமாகப் போகும் களப்பணியாளரே பார்த்துத் திருத்துகிற மாதிரி வையுங்கள்.

டயாலிசிஸ் நோயாளிகளைத் தனியாகக் கவனியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு வாரத்துக்கு மூன்று முறை செய்ய வேண்டும், ஒரு தடவைக்கு ஏறக்குறைய 120 லிட்டர் நன்றாகச் சுத்திகரித்த தண்ணீர் போகும், மின்சாரமும் வேண்டும். வெள்ளத்தில் பாதை அடைபட்டாலோ தண்ணீர் கெட்டாலோ மூன்றாம் நாளே அவர்கள் உயிருக்கு ஆபத்து. எந்த மையம் நின்றுபோனால் அவர்களை எந்த மையம் ஏற்றுக்கொள்ளும் என்று இரண்டு மையங்களும் இப்போதே பேசி முடித்திருக்க வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரோடு இருப்பவர்களும் அப்படித்தான், மின்சாரம் போனால் அவர்களுக்கு மணிக்கணக்குதான்.

மருத்துவமனை ஜெனரேட்டர் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள், இருக்கிறது என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். 2012-இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கில் ஒரு பெரிய மருத்துவமனையில் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்து மின்சாரம் போய், சுமார் 300 நோயாளிகளைப் படிக்கட்டு வழியாகத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதாயிற்று. பச்சிளங் குழந்தைகளும் அதில் உண்டு. செவிலியர்கள் கையாலேயே பையை அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டு இறங்கினார்கள். டீசல் எவ்வளவு நேரத்துக்கு வரும், அதை ஏற்றும் பம்ப் எங்கே, முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்தது எப்போது, இந்த மூன்றையும் கேளுங்கள். தடுப்பூசிக் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அதற்கும் மாற்று இடம் வேண்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம். எந்த அவசரநிலை வந்தாலும் கதவைத் தட்டப் போவது எங்களைப் போன்ற களப்பணியாளர்கள்தான், துப்புரவுப் பணியாளர்கள்தான். மீட்டிங்கில் நாங்கள் இருப்பதில்லை. பாதுகாப்பு உடை வந்தால் ஒரே அளவில் வரும், பெண்களுக்குப் பொருந்தாது, போட்டுக் கழற்றப் பழக்கவும் மாட்டார்கள், கழற்றும்போதுதான் அதிகமாகத் தொற்று ஒட்டும். எங்கள் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது, நாங்கள் நோயில் விழுந்தால் சம்பளம் உண்டா, இதற்கு எழுத்தில் பதில் இல்லையென்றால் மூன்றாம் நாள் பாதிப் பேர் வேலைக்கு வரமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒப்பந்தப் பணியாளர்களையும் இதில் சேர்த்து எழுதுங்கள்.

---

கணக்குப்பிரிவு எழுதியது:

வாங்கி அடுக்குவதைப் பற்றிக் கேட்டீர்கள். முகக்கவசத்துக்கும் கையுறைக்கும் கிருமிநாசினிக்கும் காலாவதி உண்டு, கிடங்கில் வைத்துப் பூட்டினால் தேவைப்படும் நாளில் ரப்பர் பட்டை அறுந்து கையோடு வரும். மேலதிகாரியிடம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், இப்படிச் சொல்லிப் பாருங்கள்: மருத்துவமனைகள் தினமும் பயன்படுத்தும் அதே பொருளில் கூடுதலாகச் சில வாரத்துக்கானதை வாங்கி அவர்கள் கிடங்கிலேயே வைப்போம், பழையதை அவர்கள் எடுத்துப் பயன்படுத்தட்டும், புதியது பின்னால் சேரட்டும். ஸ்டாக் எப்போதும் புதிதாக இருக்கும், பணமும் வீணாகாது. அவருக்கும் வாங்கினோம் என்று காட்ட ஒன்று கிடைக்கும்.

அதைவிட முக்கியம், விலை ஒப்பந்தம். குளோரின் மாத்திரை, தண்ணீர் லாரி, டீசல், வாடகை வண்டி, ஓஆர்எஸ், இவற்றுக்கு இப்போதே விலை பேசிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டால் அவசரம் வந்த நாளில் ஒரு போன் போதும். தங்குமிடம் திறக்க வேண்டிவந்தால் பேரிடர் நிவாரணத்துக்கான சர்வதேச ஸ்பியர் தரநிலை ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்கிறது. 1,000 பேருக்கு என்றால் 15,000 லிட்டர், 50 கழிப்பறை. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினாலே எத்தனை லாரி, எத்தனை தற்காலிகக் கழிப்பறைக்கு ஒப்பந்தம் வேண்டும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. யார் எவ்வளவு தொகை வரை டெண்டர் இல்லாமல் செலவு செய்யலாம் என்ற ஆணையையும் முன்பே வாங்குங்கள். முதல் மணி நேரத்திலிருந்தே ரசீது சேர்க்க ஒரே ஒரு ஆளைப் போடுங்கள், பின்னால் மேல் அரசிடம் செலவுத்தொகை திரும்பக் கேட்கும்போது ரசீது இல்லாத செலவெல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.

கன்ட்ரோல்ரூம் சார் சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். அந்தத் தடித்த ஆவணத்தை ஓரம் கட்டிவிட வேண்டாம். சட்டப்படி யாருக்கு என்ன அதிகாரம் என்பது அதில்தான் இருக்கும், தணிக்கையில் அதைத்தான் கேட்பார்கள். முன்னால் இரண்டு பக்கம் சேர்த்துவிடுங்கள், எண்களும் அளவுகளும் அதில் இருக்கட்டும்.

---

கன்ட்ரோல்ரூம் எழுதியது:

கணக்குப்பிரிவு சொல்வது சரி, முன்னால் இரண்டு பக்கம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அந்த இரண்டு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தும் வையுங்கள், மின்சாரமும் இணையமும் போன ராத்திரியில் கணினியில் இருப்பது யாருக்கும் உதவாது.

செவிலியம்மா சொன்னதை மேடம் முதல் மீட்டிங்கிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். சின்னச் சின்ன நிகழ்வு வரும்போதெல்லாம், நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் சரி, மூன்று தேதியைக் குறித்து வையுங்கள்: எப்போது தொடங்கியது, எப்போது நமக்குத் தெரிந்தது, தெரிவிக்க வேண்டியவர்களுக்கு எப்போது தெரிவித்தோம். முதல்கட்ட நடவடிக்கைகள் முடிந்த நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 7-1-7 என்று ஒரு இலக்கு உண்டு, 2021-இல் முன்வைத்தது. தொடங்கிய 7 நாளுக்குள் கண்டுபிடி, 1 நாளுக்குள் தெரிவி, அடுத்த 7 நாளுக்குள் முதல்கட்ட நடவடிக்கைகளை முடி. எந்த இடத்தில் நாள் கரைகிறது என்று பார்த்தால் எங்கே ஆள் போட வேண்டும், எங்கே ஆணை வாங்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். மற்ற துறைகள் வெறும் தலையாட்டலோடு போய்விடுகிறார்கள் என்றீர்களே, தேதியை மேசையில் வைத்துப் பேசினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

---

புதுப்பொறுப்பு எழுதியது:

எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டேன். முதலில் ஆய்வக முடிவு யார் யாருக்குப் போக வேண்டும் என்ற ஆணைக்கு ஃபைல் போடுகிறேன், அதற்கு நிதி வேண்டாம் என்பதால் மறுக்கக் காரணம் இல்லை. கூடவே அந்தச் சனிக்கிழமை இரவுக் கதையை வைத்து மேசை ஒத்திகை ஒன்று. களப்பணியாளர்கள் இருவரையும் துப்புரவுப் பிரிவிலிருந்து ஒருவரையும் மேசையிலேயே உட்காரவைக்கிறேன், செவிலி அக்கா. துறைத் தலைவர்கள் எல்லோரையும் கூப்பிடலாமா, குறைத்துக்கொள்ளலாமா?

---

தண்ணீர்லேப் எழுதியது:

தலைவர்கள் முடிவெடுக்க வேண்டியவர்கள், கட்டாயம் கூப்பிடுங்கள். ஆனால் குடிநீர்ப் பிரிவிலிருந்து இரவு ஷிப்டில் வால்வு திறந்து மூடுகிறவரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். எந்தத் தெருவுக்கு எந்தக் குழாய் வழியாகத் தண்ணீர் போகிறது, எதை மூடினால் எது நிற்கும் என்பது பல ஊர்களில் வரைபடத்தைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பகலில் ஒத்திகை வைத்தால் அவர் தூங்கும் நேரம், அவருடைய நேரத்தைக் கேட்டு வையுங்கள்.